மில் கட்டடத்தைப் பிரித்துத் தரும் குழு: கைத்திறன் உண்டு, கணக்கேடு இல்லை

கோவையில் மூடிக்கிடக்கும் நூற்பாலைகள் இடிபடும்போது, அவற்றின் தேக்கு உத்திரங்களையும் மங்களூர் ஓடுகளையும் வார்ப்பிரும்புத் தூண்களையும் சேதமில்லாமல் கழற்றி, வாங்குகிறவர் இடத்திலேயே கொண்டுவந்து இறக்கித் தரும் குழுக்கள் சில இருக்கின்றன. பொள்ளாச்சிக்கு அருகே தென்னந்தோப்புக்குள் நாங்கள் கட்டிவரும் வீட்டுக்காக அவற்றுள் ஒரு குழுவிடம் வேலையை ஒப்படைத்தோம். குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் குழுவின் பெயரையும் ஆலையின் பெயரையும் இங்கே தரவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏறத்தாழ ஒரே முறையில்தான் வேலை செய்கிறார்கள் என்பதால், வேறு குழுவிடம் போக நினைப்பவருக்கும் இம்மதிப்பீடு உதவும்.

இச்சேவை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நிறை, குறை இரண்டும் அந்த ஏற்பாட்டிலிருந்தே வருகின்றன. நிலத்தின் உரிமையாளர் கட்டடத்தை இடிப்பு ஒப்பந்தக்காரருக்கு மொத்தமாக விலைபேசி விட்டுவிடுகிறார். ஒப்பந்தக்காரருக்கு வேண்டியவை இரும்பின் எடையும் சீக்கிரம் காலியாகும் நிலமும்தான். ஜேசிபி உள்ளே நுழைவதற்கு முன் கிடைக்கும் குறுகிய கெடுவுக்குள், கூரையையும் மரத்தையும் பிரித்தெடுத்துக்கொள்ளும் உரிமையை இக்குழு அவரிடமிருந்து வாங்குகிறது. கெடு முடிவதற்குள் கழற்றாத எதுவும் உக்கடத்துப் பழைய இரும்புக் கிடங்குக்கோ பள்ளம் நிரப்பவோ போய்விடும். ஆகவே வாங்குகிறவர் கடையில் அடுக்கிவைத்த சாமானைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்டடம் நிற்கும்போதே உள்ளே போய், வேண்டியதைச் சுட்டிக்காட்டி முன்பணம் கொடுக்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான் வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். அங்கே ஒரு தூண் எந்த வீட்டில் இருந்தது, எவ்வளவு சுமையைத் தாங்கியது என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே அது தாங்கி நிற்பதையே பார்த்துவிடலாம். இச்சேவையின் முதன்மையான வசதியாக நான் கருதுவது இதைத்தான்.

கோவையின் முதல் நூற்பாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கினார். நீராவியையும் நிலக்கரியையும் நம்பியிருந்த அக்காலத்துக்குப் பிறகு, 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், மலிவான மின்சாரத்தால் ஆலைகள் பெருகின. நலிவடைந்த ஆலைகள் 1974-இல் நாட்டுடைமையாகித் தேசிய பஞ்சாலைக் கழகத்திடம் போயின. அக்கழகத்தின் கோவை ஆலைகள் 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தோடு நின்ற பின் பழையபடி ஓடவில்லை. தனியார் ஆலைகளில் பலவும் மூடப்பட்டன, அல்லது நகரத்துக்கு வெளியே போயின. நாங்கள் சாமான் வாங்கிய கட்டடம் ஒரு தனியார் ஆலையுடையது. அதன் முன்பகுதி நீராவிக் காலத்தைச் சேர்ந்தது: தேக்கு டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்), ஓட்டுக் கூரை, வார்ப்பிரும்புத் தூண், சுண்ணாம்புக் காரைச் சுவர். பின்பகுதி மின்சாரம் வந்த பிறகு சேர்த்துக் கட்டப்பட்டது: எஃகு உத்திரம், வடக்கு நோக்கிக் கண்ணாடி பதித்த ரம்பப்பல் கூரை, சிமென்ட் காரை. நேர்வெயில் விழாமல் நாள் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் நூலின் மீது படுவதற்காக அக்காலத்தில் இப்படிக் கட்டினார்கள். இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு தெரியாதவர் இத்தகைய இடத்தில் எதையும் விலைபேசக் கூடாது என்பது என் கருத்து. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், காப்பாற்றத்தக்க பொருள் பெரும்பாலும் முன்பகுதியிலேயே இருந்தது.

கூரையைப் பிரித்த விதம் மிகச் சிறப்பாக இருந்தது. ஏற்றிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் இறக்கினார்கள்: முதலில் முகட்டு ஓடு, பிறகு சரிவு ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர், ரீப்பரைத் தாங்கும் கைமரம், கடைசியில் டிரஸ். ஒரு டிரஸ்ஸை எடுக்கும்போது அடுத்தது சாய்ந்துவிடாமல் கயிறு கட்டி நிறுத்தியதையும், கனமான அடிச்சட்டத்தைச் செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பியில்) தொங்கவிட்ட பிறகே இணைப்பைத் தொட்டதையும் கண்டபோது இவர்கள் இத்தொழிலில் தேறியவர்கள் என்று தெரிந்தது. டிரஸ்ஸின் ஒவ்வோர் இணைப்பிலும் இரும்புப் பட்டையும் தடித்த போல்ட்டும் இருந்தன. சாதாரண இடிப்பு ஆட்கள் துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. இணைப்புக்கு இரு பக்கமும் மரத்தை அறுத்துப் போட்டுவிடுவார்கள். அப்படி அறுத்தால் ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு மூன்று அடி போகும். சட்டங்களை ஒன்றோடொன்று பூட்டுவதற்காகப் பழைய தச்சர்கள் வெட்டிய காடியும் (பள்ளமும்) கழுந்தும் (அதில் பொருந்தும் முனையும்) அதோடு போய்விடும். இக்குழுவின் மூத்த ஆசாரி முந்தைய நாள் மாலையே மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து நட்டுகளில் ஊற்றிவைத்தார். காலையில் நீளக் குழாய் மாட்டிய ஸ்பானரால் திருகியபோது பாதிக்கு மேல் கழன்றுவிட்டன. கழலாதவற்றுக்கும் கேஸ் கட்டரை அவர் அனுமதிக்கவில்லை. உத்திரங்களின் மேல்முகத்தில், எண்ணெயில் ஊறிய பஞ்சுத் தூசு விரல்தடிப்புக்குப் படிந்து, உரித்தால் ஒரே தாளாக வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பொறி விழுந்தால் கூரை முழுவதும் எரிந்துவிடும். எனவே போல்ட்டின் தலையைக் கைரம்பத்தால் அறுத்து, மறுமுனையில் கம்பியை வைத்துத் தட்டி வெளியே எடுத்தார். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் எங்களுக்கு வந்த சட்டங்களின் முனைகள் முழுமையாக இருந்ததால், எங்கள் ஆசாரி அந்தப் பழைய காடிகளிலேயே புதிய டிரஸ்ஸைப் பூட்ட முடிந்தது.

மரத்தைப் பற்றி விற்பவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். இங்கே எந்த மரமும் ‘பர்மாத் தேக்கு’ என்றுதான் விற்கப்படுகிறது. பர்மாவிலிருந்து மோல்மீன் துறைமுகம் வழியாக ஏராளமான தேக்கு சென்னை மாகாணத்துக்கு வந்தது உண்மைதான். ஆனால் கோவைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஆனைமலை இருக்கிறது. பம்பாய்க் கப்பல் தளத்துக்கே தேக்கு அனுப்பிய காடு அது. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம்தான் இன்று டாப்சிலிப் என்று அழைக்கப்படுகிறது. ஆகவே பழைய கோவை ஆலையின் உத்திரம் பர்மாவைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், ஆனைமலையைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து அதைப் பிரித்தறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். மேற்பரப்பை ஒரு கைநீளத்துக்கு இழைத்துக் காட்டச் சொல்லி, முனையில் வளையங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்ப்பதே போதும். கரியும் எண்ணெயும் ஏறிக் கறுத்துக்கிடந்த சட்டம், சீவுளி ஒருமுறை ஓடியதும் பொன்னிறம் காட்டி, தேக்குக்கே உரிய மணத்தையும் கொடுத்தால் அது நல்ல மரம். ஊர்ப்பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அளவெடுப்பில்தான் எங்களுக்கு வாக்குவாதம் வந்தது. கன அடிக் கணக்கில் விற்கும்போது, சுவருக்குள் பதிந்திருந்த முனைகளையும் சேர்த்தே அளந்தார்கள். காரைக்குள் ஈரம் தங்கி அம்முனைகள் பல இடங்களில் இற்றுப்போயிருந்தன. ஆணியால் குத்தினால் உள்ளே இறங்கியது. இற்ற பகுதியைக் கழித்து அளக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக நின்ற பிறகே இறங்கிவந்தார்கள். இன்னொரு செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய மரத்தில் தலை ஒடிந்த ஆணிகள் வெளியே தெரியாமல் உள்ளே கிடக்கும். அவை ரம்பத்தைக் கெடுத்துவிடும் என்பதால் மரமறுக்கும் மில்காரர்கள் இம்மரத்தை வாங்கவே தயங்குகிறார்கள். கையடக்கமான உலோகம் கண்டறியும் கருவியை வைத்து ஆணிகளை எடுத்துத் தர வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது எங்கள் செலவாகவே முடிந்தது. இதையெல்லாம் சேர்த்தும், இதே தரத்தில் புதிய மரம் வாங்கினால் ஆகியிருக்கக்கூடிய தொகையைவிடக் கணிசமாகக் குறைவாகவே வந்தது.

ஓடுகளைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி இறக்கி, வைக்கோல் பரப்பிய லாரியில் நிறுத்தி அடுக்கினார்கள். உடைந்தவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 150 ஓடு தேவைப்படும் என்ற கணக்குக்கு மேல், பத்தில் ஒரு பங்கைக் கூட்டி வாங்கினால் போதுமானது. ஒவ்வோர் ஓட்டையும் விரல்கணுவால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பதைத் தனியாகவும் மந்தமாக ஒலிப்பதைத் தனியாகவும் பிரித்துத் தந்தார்கள். மந்தமான ஒலி, கண்ணுக்குத் தெரியாத விரிசலின் அடையாளம். இங்கே ஒரு செய்தியை மட்டும் வாங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஓட்டில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற ஆண்டும் ஆங்கிலத்தில் பதிந்திருப்பதைக் காட்டி, ‘நூற்றறுபது வருசத்து ஓடு’ என்று தனி விலை சொல்கிறார்கள். மங்களூரில் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் அத்தொழிற்சாலையை நிறுவிய ஆண்டுதான் 1865. ஓடு சுட்ட ஆண்டன்று. பிற்காலத்தில் சுட்டவற்றிலும் அதே முத்திரைதான் இருந்தது. முதல் உலகப் போரின்போது ஆங்கிலேய அரசு மிஷனின் தொழிற்சாலைகளைக் கையகப்படுத்தி, பின்னர் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் போனதால், பாசல் மிஷன் பெயர் தாங்கிய ஓடு போருக்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு மட்டுமே முத்திரையை நம்பலாம். நூறாண்டுக்கு மேல் வெயிலும் மழையும் தாங்கிய ஓட்டுக்கு அந்த வயதே பெருமைதான். இல்லாத வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

வார்ப்பிரும்புத் தூண்களில்தான் குழு தடுமாறியது. திண்ணைக்கு நான்கு தூண்கள் கேட்டிருந்தோம். வார்ப்பிரும்பு மேலிருந்து வரும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையையும் திடீர் அடியையும் தாங்காது. எஃகைப் போல வளைந்து எச்சரிக்காமல், சட்டென்று உடையும். இதை அறிந்திருந்தும், முதல் தூணை அகலப் பட்டையில் கட்டி இறக்காமல், ஒற்றைச் சங்கிலியில் மாட்டி இறக்கினார்கள். அது நழுவித் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. பிளந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியான மணிகள் மின்னின; உள்ளே பொள்ளலான அத்தூணின் சுவர் ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஓர் அங்குலத் தடிப்பும், எதிர்ப்பக்கம் அதில் பாதியுமாக இருந்தது. தூணைப் படுக்கவைத்து வார்க்கும்போது நடுவிலுள்ள மணற்கரு மிதந்து நகர்ந்துவிடுவதால் வரும் பழுது இது. வெளியே வண்ணம் பூசி நிற்கும் தூணைப் பார்த்து யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உடைந்த தூணுக்கு அவர்கள் பணம் வாங்கவில்லை என்பது நியாயம். எஞ்சியவற்றைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் சிறு துளையிட்டுத் தடிப்பை அளந்து பார்த்த பிறகே பயன்படுத்தினோம். இத்தகைய கட்டடங்கள் சிலவற்றில் கூரைப் பள்ளத்து மழைநீரைப் பொள்ளல் தூண்களுக்குள்ளேயே கீழே இறக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட தூண் அடிப்பகுதியில் உள்ளிருந்து அரித்திருக்கும். வீட்டின் சுமையைத் தூண்மீது ஏற்றுவதாக இருந்தால் பொறியாளர் இல்லாமல் வாங்காதீர்கள்.

எஃகு உத்திரங்களை நாங்கள் எடுக்கவில்லை. சிலவற்றின் பக்கவாட்டில் ‘டார்மன் லாங், மிடில்ஸ்பரோ’ என்று உருட்டும்போதே பதித்த எழுத்துகள் இருந்தன. சிட்னித் துறைமுகப் பாலத்தைக் கட்டிய அதே நிறுவனம். படம் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். முன்பகுதிச் செங்கல் சுண்ணாம்புக் காரையில் கட்டியதால் கொத்துச் சுத்தியால் தட்டியதும் காரை உதிர்ந்து முழுதாக வந்தது. பின்பகுதிச் செங்கல் சிமென்ட்டைப் பற்றிக்கொண்டு உடைந்தது. கதவு, சன்னல்கள் பரவாயில்லை.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். இவ்வளவு பக்குவமாகப் பிரிக்கத் தெரிந்தவர்கள், பிரிப்பதற்கு முன் எதையும் பதிவு செய்வதில்லை. எந்த உத்திரம் எந்த வரிசையில் இருந்தது என்பதற்குச் சாக்கட்டியால் எண் போடுகிறார்கள். ஒரு தூறல் போட்டதும் அது அழிந்தது. தகட்டில் எண் பொறித்து ஆணியடித்துவிடலாமே என்று மேஸ்திரியிடம் கேட்டபோது, “ஏனுங்க, எல்லாத்துக்கும் நம்பர் அடிச்சுட்டு இருந்தா ஜேசிபிக்காரன் நிப்பானுங்களா?” என்றார். கெடு அவரை நெருக்குகிறது என்பது புரிகிறது. ஆனால் எண் அழிந்ததால் எங்கள் டிரஸ் சட்டங்களைச் சோடி சேர்ப்பதற்குள் ஆசாரி பட்ட பாடு கொஞ்சமன்று. கையால் வெட்டிய காடி ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

இது மரத்தோடு நிற்கவில்லை. எந்திரங்கள் முன்பே போய்விட்டிருந்தாலும், இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் நூற்பு எந்திரம் செய்த பிளாட் பிரதர்ஸ் பெயர் பொறித்த ஒரு வார்ப்புத் தகடு, அழுத்தமானிகள், நூல் சுற்றும் மரப் பாபின்கள், துறைவாரியாகத் தொழிலாளர் பெயர் எழுதிய பேரேடுகள் ஆகியவை ஓர் அறையில் கிடந்தன. பித்தளை எல்லாம் எடைக்குப் போயிற்று. பாபின்கள் அலங்கார விளக்குச் செய்கிறவர்களுக்கு மூட்டையாகப் போயின. பேரேடுகளை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரரிடம் சொல்லி நாங்கள் எடுத்து வந்தோம். ஓர் ஆலையில் யார் வேலை செய்தார்கள், எந்த எந்திரம் எங்கே நின்றது என்பதற்குப் பல இடங்களில் இவற்றைத் தவிர வேறு சான்று இருக்காது. கட்டட இடிபாடு குறித்த 2016-ஆம் ஆண்டு விதிகள், ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குவோர் கான்கிரீட், மண், இரும்பு, மரம், செங்கல் என வகைபிரிக்க வேண்டும் என்றன. பொருளின் வகையைப் பார்க்கும் விதி அதன் வரலாற்றைப் பார்ப்பதில்லை. ஆகவே பிரிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு தூண் வரிசையையும் இணைப்பையும் முத்திரையையும் படமெடுத்து, தரைப்படத்தில் குறித்து, வாங்குகிறவருக்கு ஒரு நகல் தருவதைக் குழுவே ஒரு சேவையாகச் செய்து கட்டணமும் வாங்கலாம். நாங்கள் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்போம்.

பாதுகாப்பிலும் இக்குழுவுக்கு நான் தேர்ச்சி மதிப்பெண் தரமாட்டேன். உயரத்தில் வேலை செய்தவர்களில் சிலரிடம் மட்டுமே இடுப்புப் பட்டை இருந்தது. பாய்லர் அறைக் குழாய்களின் மேல் வெள்ளையாகப் பூசியிருந்த உறை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்பது இத்தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதை வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கடப்பாரையால் உடைத்தார்கள். கல்நார் இழை தரும் நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் 1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவுகளை 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. கூலிக்கு வரும் இடிப்புத் தொழிலாளிக்கு அப்படி ஒரு பதிவு எங்கே இருக்கும்? பின்பகுதி எஃகில் அடிப்பூச்சாக இருந்த ஈயச் செந்தூர வண்ணத்தின் மீது கேஸ் கட்டர் வைத்தபோதும் இதே நிலைதான். அந்தப் புகை நஞ்சு. வாங்குகிறவர் நேரடியாக இதற்குப் பொறுப்பாளி இல்லை என்றாலும், முன்பணம் கொடுக்கும்போதே பாய்லர் அறையைத் தகுந்த ஆட்கள் வந்து முடித்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். முன்பணத்துக்கு இருக்கும் செல்வாக்கு வேண்டுகோளுக்கு இல்லை.

பில், போக்குவரத்து ஆகியவற்றில் நேர்மையாக நடந்துகொண்டார்கள். தேக்கு ஏற்றிய லாரியை வழியில் நிறுத்திக் கேட்பார்கள் என்பதால், ‘பழைய கட்டட மரம்’ என்பதும் இடித்த இடத்தின் முகவரியும் பில்லில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் வெறும் ‘மரம்’ என்றுதான் எழுதுகிறார்கள். இறக்குகூலி விலையில் சேர்ந்ததா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எங்களிடம் சேர்ந்தது என்று சொல்லிவிட்டு, தோப்புக்குள் லாரி போகாத கடைசித் தூரத்துக்குத் தனியாக வாங்கினார்கள்.

இதே குழுவிடம் மறுபடியும் போவேனா என்று கேட்டால், மரத்துக்கும் ஓட்டுக்கும் தயங்காமல் போவேன். எண் பொறித்த அலுமினியத் தகடுகளையும் படமெடுக்க ஓர் ஆளையும் நானே கூட்டிக்கொண்டு போவேன். வார்ப்பிரும்புக்கு, பளு தூக்கத் தெரிந்த வேறு ஆட்களைத் தேடுவேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசத் தொடங்கிவிட்டால், கூரைமேல் நின்று ஓடு இறக்குவது கடினம். அந்நாள்களை ஈடுகட்டும் வகையில் ஒப்பந்தக்காரர் கெடுவை நீட்டித் தருவதுமில்லை.